கேட்டை மூடியாச்சு

வாருங்கள் டீச்சர், உட்காருங்கள். கையெல்லாம் சோப்பு நுரையாக அப்படியே இறங்கி வந்திருக்கிறீர்கள். துணி பாதியில் நிற்கிறதா? தெரியும், தண்ணீர் நின்றுவிட்டது. நான்தான் மூடினேன். பயப்படாதீர்கள், டேங்க் நிறையத் தண்ணீர் இருக்கிறது. இந்த வீட்டில் என்றைக்குமே தண்ணீர்க் கஷ்டம் கிடையாது. மொட்டைமாடியில் மெயின் வால்வு இருக்கிறதல்லவா, அதைத் தினமும் மூன்று இருபதுக்கு ஒரு தடவை மூடித் திறப்பேன். மூடித் திறக்காமல் விட்டால் வால்வு ஜாம் ஆகிவிடும். ஜாம் ஆனால் அவசரத்துக்கு உதவாது.

இந்த வாளியில் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். மூடுவதற்கு முன்னால் ஒரு வாளி பிடித்து வைத்துக்கொள்வது என் வழக்கம். நாற்காலியா? அது எப்போதும் இங்கேதான் கிடக்கும். இரண்டு நாற்காலி, இருந்துவிட்டுப் போகட்டும். பிளாஸ்கில் டீ இருக்கிறது. வேண்டாமா? சரி.

மூன்று வாரமாகக் குடியிருக்கிறீர்கள், இன்றைக்குத்தான் முதல் தடவையாக இறங்கி வந்திருக்கிறீர்கள். இன்றைக்குச் சனிக்கிழமை லீவு. மற்ற நாளில் பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்கு வருவீர்கள். குழாயைத் திறந்து பார்ப்பீர்கள், எனக்குச் சத்தம் கேட்கும். அப்புறம் பேசாமல் இருந்துவிடுவீர்கள். நானும் ஐந்து மணி வரை பார்த்துவிட்டுப் போய்த் திறந்துவிடுவேன். இதற்கு முன்னால் இருந்தவர்கள் இரண்டாம் நாளே இறங்கி வந்துவிட்டார்கள். உங்களுக்குப் பொறுமை அதிகம்.

ஏதோ சொல்ல வந்தீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்லுங்கள். இதற்கு முன்னால் மேல் வீட்டில் இருந்த இரண்டு குடும்பமும் இப்படித்தான், உட்காராமல் நின்றுகொண்டே, "சார், இந்த மாசக் கடைசியில..." என்று ஆரம்பித்தார்கள். போஸ்ட் ஆபீஸ்காரர் ஏழு மாதம் இருந்தார். செல்போன் கடைத் தம்பி நாலே மாதம். போகும்போது தெருவில், தண்ணீர் வராத வீடு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். எப்படி அந்தப் பேர் வந்தது என்று எனக்கு விளங்கவேயில்லை. ஆயிரம் லிட்டர் டேங்க், கீழே வற்றாத கிணறு.

என் மகள் செண்பகத்துக்கு அது எட்டிவிட்டது. மூன்றாவது ஆளும் காலி செய்தால் வீட்டை விற்றுவிட்டு என்னை ஓசூருக்குக் கூட்டிப்போய்விடுவேன் என்று சொல்லியிருக்கிறாள். சொன்னால் செய்துவிடுவாள். அவள் அம்மா மாதிரி. ஓசூரில் அவள் இருப்பது எட்டாவது மாடி. போன தடவை போயிருந்தபோது மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "அது வெளியில பூட்டிக் கிடக்கும் யப்பா, சாவி வாச்மேன்கிட்ட இருக்கு. ஒங்களுக்கு எதுக்கு அது?" என்றாள். தண்ணீரை எங்கே நிறுத்துவது என்று தெரியாத வீட்டில் ஒரு மனிதன் எப்படித் தூங்குவான், சொல்லுங்கள்.

அதனால் நீங்கள் காலி செய்வதாக இருந்தால், முதலில் இந்த வால்வு விஷயத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்கள். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

நான் ரயில்வேயில் கேட் கீப்பர். முப்பத்திரண்டு வருடம். நம் ஊருக்கு வடக்கே, பருத்தி மில் தாண்டி இப்போது சுரங்கப்பாலம் கட்டியிருக்கிறார்களே, அங்கேதான் என் கேட் இருந்தது. ஸ்டேஷனிலிருந்து போன் வரும். வண்டி கிளம்புகிறது, கேட்டை மூடு என்பார் ஸ்டேஷன் மாஸ்டர். நான் கைப்பிடியைச் சுற்றுவேன், இரண்டு பக்கமும் கட்டை இறங்கும். பூட்டிவிட்டுப் போனில் சொல்லவேண்டும், கேட்டை மூடியாச்சு என்று. வெறுமனே சொன்னால் போதாது. அவர் ஒரு நம்பர் சொல்வார். அதை நான் திருப்பிச் சொல்லவேண்டும். நான் ஒரு நம்பர் சொல்வேன், அதை அவர் திருப்பிச் சொல்வார். அப்படித் திருப்பிச் சொன்னால்தான் கேட்டதாக அர்த்தம். "ம்" என்றெல்லாம் சொல்லக்கூடாது. "ம்" சொல்லி வேலை போனவர்கள் உண்டு.

கேட் மூடியிருக்கிற எட்டு நிமிடம், பத்து நிமிடம் இருக்கிறதே, அதைச் சொல்லவேண்டும். எல்லோரும் நிற்பார்கள். பால்காரர், மில்லுக்குப் போகிற பெண்கள், பஸ். பஸ் டிரைவர் இறங்கி வந்து, "என்ன கேட்டு, மக பரீட்சையில பாஸாயிட்டாளா?" என்பார். வெள்ளரிக்காய்க்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு மருமகளைத் திட்டுவாள். ஒரு தடவை கல்யாண வேன் ஒன்று நின்றது, மணப்பெண் ஜன்னல் வழியாக எனக்கு லட்டு கொடுத்தாள். அவளுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கும். வண்டி போய், நான் கேட்டைத் திறந்தால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவரவருக்கு அவரவர் வேலை. நாமாகப் போய் யாரையும் கூப்பிடவேண்டியது இல்லை, அதைத்தான் சொல்கிறேன். கேட்டை மூடினால் போதும், நிற்பார்கள்.

இப்போது சுரங்கப்பாலத்தில் ஒருத்தரும் நிற்பதில்லை.

அது கிடக்கட்டும், வால்வுக்கு வருகிறேன். என் வீட்டுக்காரி பெயர் பேச்சியம்மாள். பெயர்தான் பேச்சி. என்னிடம் ஒரு விஷயத்தையும் சொன்னது கிடையாது. நான் பன்னிரண்டு மணி நேரம் கேட்டில் இருப்பேன். வீடு கட்டியது, கிணற்றில் மோட்டார் இறக்கியது, பைப் போட்டது எல்லாம் அவள்தான் கூட நின்று பார்த்தாள். எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். எனக்குச் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் என் குறை.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆவணி மாதம், அவளுக்கு நெஞ்சு வலித்தது. திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். செண்பகம் ஓசூரிலிருந்து வந்து கூட இருந்தாள். மூன்றாம் நாள் டாக்டர், நன்றாகத் தேறிவிட்டது, நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றார். பேச்சியம்மாள் என்னைப் பார்த்து, "என் கண்ணாடிய வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன். போய் எடுத்தாங்க. அப்படியே ஒரு நல்ல சேலையும் எடுத்தாங்க. வீட்ல எதையும் நோண்டாதீங்க" என்றாள்.

காலை பஸ்ஸில் வந்தேன். கண்ணாடியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். சேலையையும் எடுத்துவிட்டேன். நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அடுப்படியில் சிங்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை ஒன்றும் நோண்டவில்லை. ஸ்பானரை வைத்து லேசாக ஒரே ஒரு திருகு, அவ்வளவுதான். பழைய இரும்புப் பைப். குழாய் கையோடு வந்துவிட்டது. சுவரிலிருந்து தண்ணீர் என் நெஞ்சில் அடித்தது பாருங்கள், யானை துதிக்கையால் அடிப்பது மாதிரி.

துணியை வைத்து அடைத்தேன், நிற்கவில்லை. கையை வைத்தேன், விரலுக்கு நடுவே பீச்சியது. அடுப்படி நிறைந்து கூடத்துக்கு வந்துவிட்டது. அப்போது மேல் வீடு காலி. செண்பகம் குடும்பம் வந்தால் தங்கட்டும் என்று பூட்டி வைத்திருந்தோம். கேட்க ஆள் இல்லை. போன் பண்ணினேன். செண்பகம் எடுத்து அவளிடம் கொடுத்தாள்.

"குழாய் ஒடைஞ்சு போச்சு, தண்ணி நிக்கமாட்டேங்குது" என்றேன்.

"எப்படி ஒடைஞ்சுது? நோண்டாதீங்கன்னு சொன்னேன்லா?"

"அதுவா ஒடைஞ்சுது. இப்ப என்ன செய்ய, அதைச் சொல்லு."

"பதறாதீங்க. கேட் வால்வ மூடுங்க. வலது பக்கமாச் சுத்தணும். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று போனை வைத்துவிட்டேன்.

நீங்களே சொல்லுங்கள் டீச்சர். முப்பத்திரண்டு வருடம் கேட்டை மூடியவனிடம் வந்து கேட் வால்வு என்றால் அவன் எங்கே போவான்? தெருக் கேட்டுக்குத்தான் போவான். போனேன். கேட் பக்கத்தில் அவள் கனகாம்பரம் வைத்திருந்தாள். அதற்குக் கீழேதான் இருக்கும் என்று செங்கல்லைப் பெயர்த்து, செடியைப் பிடுங்கி, தோண்டினேன். இருந்தது! அதைத்தான் சொல்கிறேன், நான் ஒன்றும் முட்டாள் இல்லை. இரும்பு மூடி ஒன்று இருந்தது, அதைத் தூக்கினால் உள்ளே பித்தளை வால்வு. வலது பக்கமாகச் சுற்றி இறுக்கி மூடினேன். மூடிவிட்டு, பழக்கதோஷம், தெருக் கேட்டையும் இழுத்துச் சாத்திக் கொண்டி போட்டேன்.

உள்ளே வந்து பார்த்தால் தண்ணீர் அப்படியேதான் கொட்டிக்கொண்டிருந்தது. அரிசி மூட்டை நனைந்துவிட்டது. என் செருப்பு ஒன்று கூடத்தில் மிதந்துகொண்டு வந்தது. திரும்பப் போய் இன்னும் இறுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. அப்போது எனக்குத் தெரியாது, அது தெருவிலிருந்து வரும் பைப்புக்கு உள்ள வால்வு. மூடினால் வெளித் தண்ணீர் உள்ளே வராது. டேங்கில் ஏற்கெனவே ஏறிய தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சொன்னால்தானே தெரியும்?

மறுபடி போன் பண்ணினேன். கோபம் தலைக்கு ஏறியிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன். மூன்று இருபது. எங்கள் கேட்டில் அது பாசஞ்சர் போகிற நேரம்.

"கேட் வால்வ மூடிட்டேன், இன்னும் தண்ணி வருது. நீ என்னத்தச் சொன்னே?"

"எந்த கேட் வால்வ மூடினீங்க?"

"நம்ம கேட்டுப் பக்கத்துல இருக்கே, கனகாம்பரத்துக்குக் கீழ."

சிரிக்கிறாள், டீச்சர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சிரிக்கிறாள். சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "செண்பகம், இங்க பாருட்டீ, ஒங்கப்பா தெருக் கேட்டப் போய் மூடிட்டு நிக்காரு" என்று அவளிடமும் சொல்கிறாள். எனக்கு எப்படி இருக்கும்?

"சிரிக்கியா? இங்க வீடே மெதக்குது!"

"இல்லங்க, இல்லங்க, கோவப்படாதீங்க. அது மொ..."

"மொ" என்று ஏதோ ஆரம்பித்தாள். என்னை மொண்ணை என்று சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். "நீ ஒண்ணும் சொல்லவேண்டாம்" என்று போனை வைத்துவிட்டேன்.

டேங்க் காலியாகித் தானாகத்தான் தண்ணீர் நின்றது. நான் தள்ளித் தள்ளி வெளியே விட்டுக்கொண்டிருந்தேன். நாலு மணி பஸ் போய்விட்டது. ஐந்தரை பஸ்ஸுக்குப் போகலாம் என்றிருந்தேன். ஐந்து மணிக்குச் செண்பகம் போன் பண்ணினாள். "யப்பா, அம்மா" என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை.

கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது.

பிறகு ஒருநாள் செண்பகத்திடம் கேட்டேன், போனை வைத்த பிறகு அம்மா என்ன சொன்னாள் என்று. "சிரிச்சுக்கிட்டேதான் இருந்தா யப்பா. பாவம், பதறிப்போய் நிக்காரு, அஞ்சு நிமிசம் கழிச்சுக் கூப்பிட்டுச் சொல்லலாம்னா. அதுக்குள்ள கண் அசந்துட்டா" என்றாள். அஞ்சு நிமிடம் எதற்கு? உடனே கூப்பிட்டிருக்கலாம். நான் எடுத்திருப்பேன். எடுத்திருக்கமாட்டேன் என்று செண்பகம் சொல்கிறாள். எடுத்திருப்பேன்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லோரும் போன பிறகு பிளம்பர் ஜெபராஜைக் கூப்பிட்டேன். பைப் போட்ட காலத்திலிருந்தே அவர்தான் இந்த வீட்டுக்கு. உடைந்த குழாயைப் பார்த்தார், நேரே மாடிப்படி ஏறினார். நானும் பின்னாலேயே போனேன். டேங்குக்கு அடியில் குனிந்து ஒரு சக்கரத்தைக் காட்டினார். பத்து விநாடி ஆகியிருக்காது.

"இதான் அண்ணாச்சி கேட் வால்வு. வீடு முழுக்கத் தண்ணிய இங்கதான் நிறுத்தணும்."

"இங்க ஏது கேட்டு? இதுக்கு எதுக்கு அந்தப் பேரு?"

"உள்ள ஒரு தகடு இருக்கு அண்ணாச்சி. சுத்தச் சுத்த அது எறங்கித் தண்ணிய மறிச்சிரும். நீங்க வண்டிய மறிக்க கேட்டை எறக்குவீங்கல்லா, அதே வேலைதான்."

அதே வேலைதான். என் வேலையைத்தான் அது இத்தனை வருடமாக என் தலைக்கு மேலே செய்துகொண்டிருந்திருக்கிறது. மொட்டைமாடி. அவள் "மொ" என்று ஆரம்பித்தது அதுதான் என்று அப்போது புரிந்தது. முதல் தடவையே மொட்டைமாடி என்று சொல்லியிருந்தால் என்ன?

அந்தச் சக்கரத்தில் ஒரு துணி கட்டியிருந்தது, டீச்சர். சிவப்புத் துணி. அவளுடைய பழைய சேலையிலிருந்து கிழித்தது. இதைப் பற்றி ஒன்று ஞாபகம் வருகிறது. ரிட்டயர் ஆன புதிதில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அடையாளத்துக்குப் பச்சைத் துணி கட்டியிருக்கேன், ஒங்களுக்கு ஈசியா கண்ணுல படும்" என்று என்னவோ சொன்னாள். எதில் கட்டினாள் என்று நான் கேட்கவில்லை. "பச்சை காட்டினா வண்டி போகலாம்னு அர்த்தம். நிறுத்தணும்னா சிவப்புல்ல கட்டணும்" என்றேன், சும்மா ஒரு பேச்சுக்கு. அவள் போய் அவிழ்த்துவிட்டுச் சிவப்பு கட்டியிருக்கிறாள். நான் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். ஆனால் மாற்றிக் கட்டினேன் என்று என்னிடம் சொல்லவில்லை பாருங்கள்.

ஜெபராஜும் அவள் பக்கம்தான். "அக்கா ஒங்ககிட்டக் காட்டிட்டேன்னு சொன்னாங்களே அண்ணாச்சி. மாடிக்கே கூட்டிட்டுப் போய்க் காட்டினேன்னாங்க" என்றார். காட்டவில்லை. மாடிக்கு ஒருநாள் கூட்டிப்போனாள், அது உண்மை. கூழ்வற்றல் காயப்போடத்தான் கூப்பிடுகிறாள் என்று போனேன். டேங்குக்கு அடியில் குனிந்து என்னவோ காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு கூட்ஸ் போனது. மாடியிலிருந்து லைன் நன்றாகத் தெரியும். எத்தனை பெட்டி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பத்தெட்டு. எண்ணி முடித்துத் திரும்பினால், "கேட்டுச்சா?" என்றாள். "ம்" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. இதைப் போய்க் காட்டினேன் என்றால் எப்படி?

எதற்குச் சிரிக்கிறீர்கள் டீச்சர்? சிரிக்கவில்லையா. சரி. நுரை காய்ந்து கையெல்லாம் வெள்ளையாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு ஜெபராஜ்தான் சொன்னார், இதை அப்பப்போ மூடித் திறக்கணும், இல்லையென்றால் ஜாம் ஆகிவிடும், அக்கா தவறாமல் செய்வார்கள் என்று. அன்றிலிருந்து நானும் செய்கிறேன். வலது பக்கமாக ஏழரைச் சுற்று சுற்றினால் மூடும். மூடிவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்துவிடுவேன். யாராவது வருவார்கள். போஸ்ட் ஆபீஸ்காரர் முதலில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய ஊர்க் கதை, பையனுடைய கதை எல்லாம் சொல்வார். போகப்போக, "தண்ணிய விடுங்க சார்" என்று படியில் நின்றே சொல்லிவிட்டு ஏறிவிடுவார். செல்போன் கடைத் தம்பியின் மனைவி ஒருநாள் நின்று அழுதுவிட்டாள், குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாளாம். அன்றைக்கு எனக்கே சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் குழந்தையைப் பார்க்கக் கொண்டுவந்து காட்டினாள் அல்லவா, அதைச் சொல்லவேண்டும். தலையெல்லாம் நுரையோடு என்னைப் பார்த்துச் சிரித்தது.

என்ன சொல்கிறீர்கள்? ஜெபராஜிடம் விசாரித்துவிட்டீர்களா? எப்போது? ஓ, பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தாரா.

ஆமாம். மாதம் ஒரு தடவை என்றுதான் சொன்னார். ஒன்றாம் தேதி. பேச்சியம்மாளும் ஒன்றாம் தேதிதான் செய்வாளாம். ஆமாம் டீச்சர், தினமும் தேவையில்லைதான்.

ஜாம் ஆகிவிடக்கூடாது என்றுதான். எது ஜாம் ஆகிவிடக்கூடாது என்றா கேட்கிறீர்கள்? வால்வுதான். வேறு என்ன.

மூன்று இருபது எதற்கா? அது பாசஞ்சர் நேரம். சொன்னேனே. நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

என்ன? கூப்பிட்டால் வரமாட்டேனா என்கிறீர்கள். தண்ணீரை நிறுத்தித்தான் கூப்பிடணுமா என்கிறீர்கள். இல்லை டீச்சர், நான் யாரையும்... எனக்குக் கூப்பிட்டுப் பழக்கம் இல்லை. பேச்சியம்மாளைக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டது இல்லை. "இந்தா" என்பேன், வந்துவிடுவாள். வெளியில் என்றால் கேட் இருந்தது. கூப்பிடுவது எப்படி என்று... என்ன சொல்லிக் கூப்பிடுவது? காரணம் ஒன்று வேண்டாமா?

சரி, நேரமாகிவிட்டது. நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லுங்கள். நான் குறுக்கே பேசமாட்டேன்.

ம். இல்லை, "ம்" சொல்லக்கூடாது. திருப்பிச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் வேறு வீடு பார்த்துவிட்டார். இந்த மாதக் கடைசியில் காலி செய்வதாக இருந்தீர்கள். அதைச் சொல்லத்தான் வந்தீர்கள். சரியாகச் சொல்லிவிட்டேனா?

இருந்தீர்கள் என்றால், இப்போது?

பார்ப்போம். சரி, பார்ப்போம். அதையும் திருப்பிச் சொல்லிவிட்டேன்.

எங்கே எழுந்துவிட்டீர்கள்? நீங்களே போய்த் திறக்கிறீர்களா? இல்லை, நான் வருகிறேன், எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. முழங்காலா? அது தினமும் ஏறி இறங்குவதுதானே.

சரி. போங்கள். நீங்களே திறந்துவிடுங்கள். ஒன்றாம் தேதி மூடுவதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் இனிமேல் ஏறவில்லை. குடியிருக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டிய விஷயம்தான் அது. நான் முதல் நாளே கூட்டிப்போய்க் காட்டியிருக்கவேண்டும். டேங்குக்கு அடியில் குனிந்து பாருங்கள், சிவப்புத் துணி கட்டியிருக்கும். அதை மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள். இடது பக்கமாகச் சுற்றவேண்டும், ஏழரைச் சுற்று. முட்டும்வரை திறந்துவிட்டு, அரைச் சுற்று திரும்ப விட்டுவிடுங்கள், அப்போதுதான் இறுகிப் போகாது. திறந்ததும் அங்கிருந்தே சத்தமாகச் சொல்லுங்கள். நான் இங்கே படிக்குக் கீழேயே நிற்கிறேன்.

தெரிகிறதா டீச்சர்? டேங்குக்குத் தெற்குப் பக்கம். சிவப்பு.

இடது பக்கம். இறுக்கமாகத்தான் இருக்கும், இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றுங்கள்.

தண்ணீர் வருகிறது. இந்தச் சுவர்ப் பைப்பில் சத்தம் கேட்கிறது. உங்கள் குளியலறைக் குழாயை மூடாமலே வந்திருக்கிறீர்கள், கொட்டுகிற சத்தம் இங்கே கேட்கிறது.

என்ன சொல்கிறீர்கள்? தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. இல்லை, இல்லை, போய்விடாதீர்கள். நான் இரண்டு படி ஏறி வருகிறேன். இன்னொரு தடவை சொல்லுங்கள்.

நாளைக்கு. நாளைக்கு என்ன?

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, மூன்று இருபதுக்கு டீ. சூடாக இருக்கவேண்டும், பிளாஸ்க் டீ வேண்டாம். வால்வைத் தொடக்கூடாது. படிக்குக் கீழே நின்று ஒரு குரல் கொடுக்கவேண்டும்.

சரியா டீச்சர்? ஒன்றும் விடவில்லையே?

கேட்டுவிட்டது. எல்லாம் கேட்டுவிட்டது.